சங்கரலிங்கத்தின் கணுக்கால்

கணுக்கால் வீங்கியிருந்தால் பயப்படாதீர்கள். வீங்கிய காலோடு எந்தப் பையனும் மைதானத்தில் இறங்கமாட்டான். அவனே ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவான். வீக்கம் வடிந்த பிறகுதான் நம்முடைய வேலை ஆரம்பமாகிறது. அப்போது பையன், பையனைப் பெற்றவர், அணித் தலைவன், பிரின்சிபால் எல்லாருக்கும் வைத்தியம் தெரிந்துவிடும். ஒன்றும் தெரியாத ஆள் நாம் ஒருவர்தான் என்று ஆகிவிடும்.

நீங்கள் சென்னைப் பட்டணத்துக்குப் போய் இந்த டிரில் மாஸ்டர் வேலைக்கென்றே முறையாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு எலும்புக்கும் பெயர் சொல்கிறீர்கள். சந்தோஷம். நான் பட்டாளத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ராதாபுரத்துக்குத் திரும்பி, அங்கே பிழைக்க வழியில்லாமல் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்தவன். எலும்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலுக்குச் சொந்தக்காரன் எப்படி நடந்துகொள்வான் என்பதை உங்கள் புத்தகத்தில் போட்டிருக்க மாட்டார்கள். அதைச் சொல்கிறேன். கேட்க இனிமையாக இருக்காது.

ஐரோப்பாவில் பெரிய சண்டை மூளுவதற்குச் சில வருஷம் முந்திய கதை. எங்கள் கால்பந்து அணியில் ரைட் அவுட்டாக, வலது ஓரத்தில், ஆடியவன் சங்கரலிங்கம். வக்கீல் பிள்ளை ஒருவரின் மூத்த மகன். சுத்த சைவக் குடும்பம். அந்தக் காலத்தில் பூட்ஸ் எல்லாம் கிடையாது, வெறுங்கால்தான். குடுமி அவிழ்ந்து பின்னால் பறக்க அவன் கோட்டோரமாக ஓடுவதைப் பார்க்க, கோர்ட்டு குமாஸ்தாக்கள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். ஓட்டத்தில் திடீரென்று வலது காலை ஊன்றி இடப்பக்கம் திரும்புவான். எதிராளி நேரே போய்க்கொண்டிருப்பான். அவனுடைய ஆட்டமே அந்த ஒரு திருப்பம்தான்.

ஐப்பசி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், சாதாரணப் பயிற்சி ஆட்டத்தில், எவனும் இடிக்கவில்லை, எவனும் தட்டிவிடவில்லை, அந்தத் திருப்பத்திலேயே வலது பாதம் உள்ளே மடங்கிவிட்டது. உடம்பு முழுவதும் அதன்மேல் விழுந்தது. காதர் மீரான்தான் அவனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். காதர் எங்கள் அணித் தலைவன். மேலப்பாளையத்தில் தறி வைத்திருந்த வீட்டுப் பையன். சங்கரலிங்கத்துக்கு உயிர்ச் சிநேகிதன்.

எலும்பு முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உள்ளே நரம்பு கிழிந்திருக்கிறது, அசையாமல் கட்டிவைக்க வேண்டும் என்றார் கட்டு வைத்தியர். உளுந்த மாவை முட்டை வெள்ளையில் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். முட்டை என்ற சொல் வைத்தியர் வாயிலிருந்து வந்ததும் உள்ளேயிருந்து அம்மாளின் குரல் வந்தது.

"முட்டையா? இந்த வீட்டுக்குள்ளயா?"

வக்கீல் பிள்ளை என்னைப் பார்த்தார், முட்டையை நான்தான் இட்டவன் மாதிரி. "இதுக்குத்தான் பந்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு தலையால அடிச்சிக்கிட்டேன். நீராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா வே?"

கடைசியில் வீட்டுக்குப் பின்னால், வண்டி நிறுத்தும் சாய்ப்பில் கட்டிலைப் போட்டு அங்கே வைத்துக் கட்டினார்கள். சோறு அங்கேயே போகும். வீட்டுக்குள் வரக்கூடாது. கட்டைத் தானே வந்துதான் அவிழ்க்க வேண்டும், அதுவரைக்கும் தண்ணீர் படக்கூடாது என்று வைத்தியர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இதுவரைக்கும் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஒருநாள் நான் பார்க்கப் போனபோது சங்கரலிங்கம் சாய்ப்பில் இல்லை. முன் கூடத்தில், குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். காலில் கட்டு வேறாக இருந்தது.

"பழைய கட்டு எங்க?" என்றேன்.

"சஷ்டி வருதுல்லா வே. வீட்டுல எல்லாரும் விரதம். முட்டைக் கட்டோட பிள்ளையக் கொல்லையில போட்டுட்டு முருகனைக் கும்பிடச் சொல்லுதீரா?" என்றார் வக்கீல் பிள்ளை. "அதான் அவுத்தாச்சு. கவலப்படாதேயும். வேற கட்டு போட்டிருக்கு. உளுந்த மாவு, அரிசிக் கஞ்சி. எல்லாம் ஒண்ணுதான்."

"வைத்தியர்ட்ட கேட்டியளா?"

"அவர்ட்ட என்ன கேக்க? முட்டை போடாம கட்ட மாட்டேம்பாரு."

எல்லாம் ஒன்றல்ல. கஞ்சிக் கட்டு காய்ந்து, விரிந்து, அப்பளம் மாதிரி உதிர்ந்தது. அதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. பார்வைக்குக் கால் முன்பிருந்தபடியே இருந்தது. அடிபட்டது எந்தக் கால் என்று அவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பமே முருகன் அருள் என்றது. முருகனைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் வெளியே வற்றிப்போனது உள்ளே ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. இது எனக்குத் தெரியும், வைத்தியருக்குத் தெரியும். வைத்தியரை அப்புறம் அந்த வீட்டுப் பக்கமே கூப்பிடவில்லை.

மார்கழிக் கடைசியில் வெள்ளிக் கோப்பைக்கான ஆட்டம். வடக்கேயிருந்து ஒரு கல்லூரி ரயிலேறி வருவதாக இருந்தது. சங்கரலிங்கம் நடந்தான், பிறகு ஓடினான். நேர்க்கோட்டில் ஓடச் சொன்னால் அற்புதமாக ஓடினான். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். நான் இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். ஒரே எட்டில் திரும்புகிறவன் மூன்று சின்ன எட்டு வைத்துத் திரும்பினான். கை தட்டியவர்கள் அதைப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை, பயிற்சி முடிந்து எல்லாரும் குளிக்க ஆற்றுக்குப் போனோம். படித்துறையில் நான் கீழே நின்றுகொண்டு அவன் இறங்குவதைக் கவனித்தேன். பட்டாளத்தில் மலையேறிப் பழகியதில் எனக்கு ஒன்று தெரியும்: நோகிற காலோடு ஒருவன் ஏறுவதைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, இறங்கும்போது குட்டு வெளிப்படும். சங்கரலிங்கம் ஒவ்வொரு படிக்கும் வலது காலையே முதலில் கீழே வைத்தான். மேலே நின்று மடங்கி உடம்பைத் தாங்குகிற வேலை முழுவதும் இடது காலுக்கு.

"ஏலே, திரும்ப மேல போ. இப்ப இடது கால மொதல்ல வச்சு இறங்கு" என்றேன்.

இரண்டாவது படியிலேயே காதரின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"வழுக்குது சார்" என்றான்.

படி காய்ந்து கிடந்தது.

அன்றே முடிவு செய்துவிட்டேன், இந்த ஆட்டத்துக்கு இவன் கிடையாது என்று. அத்தோடு விட்டிருந்தால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு ஆட்டம், ஒரு கோப்பை. ஆனால் அதற்குள் இன்னொரு சங்கதி கிளம்பியது. கலெக்டரோடு போலீஸ் சூப்பரண்டெண்ட் துரையும் ஆட்டம் பார்க்க வருகிறாராம், சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு நல்ல உடம்புள்ள படித்த பையன்களைத் தேடுகிறாராம் என்று வக்கீல் பிள்ளை கோர்ட்டில் கேள்விப்பட்டு வந்தார். சங்கரலிங்கத்துக்குச் சிறு வயதிலிருந்தே போலீஸ் உடுப்பு என்றால் பைத்தியம். அன்றுவரை பந்து என்றால் முகம் சுளித்த மனிதர் மறுநாளே மைதானத்துக்கு வந்துவிட்டார்.

"என்ன வே மாஸ்டர், பிள்ளையாண்டான் நல்லாத்தான ஓடுதான்? பிறகு என்ன?"

"காலு இன்னும் சேரல. இன்னொரு தடவை திரும்பிச்சின்னா பிறகு எந்த வைத்தியராலும் ஒண்ணும் செய்ய முடியாது. நொண்டிக் காலை வச்சிக்கிட்டு எந்தப் போலீஸ்ல சேப்பான்?" என்றேன்.

"திரும்பிச்சின்னா! திரும்பாட்டா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களிடமும் கேட்பார்கள். அப்போது உங்களிடமும் பதில் இருக்காது. வருங்காலத்தைக் காட்டச் சொன்னால் நாம் எங்கே போவது? எதிர்த்துப் பேசுகிறவனுக்கு அது ஒன்றே போதும்.

பிரின்சிபால் ஒரு வெள்ளைக்கார துரை. புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்தவர். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். என்னை அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "அவன் விளையாடினால் நான் மிகவும் மகிழ்வேன். ஆயினும் தீர்மானம் முழுவதும் உம்முடையது" என்றார். நான் பெருமையோடு வெளியே வந்தேன். கோப்பை கிடைத்தால் கல்லூரிக்கு, கால் போனால் எனக்கு, ஆட்டம் தோற்றாலும் எனக்கு என்பதுதான் அதன் பொருள் என்று பிறகு விளங்கியது. முடிவை உங்களிடம் விட்டுவிடுகிற மேலதிகாரியைக் கண்டால் கும்பிடு போடாதீர்கள். எதற்காக விடுகிறார் என்று பாருங்கள்.

ஆட்டத்துக்கு முந்திய நாள் எதிரணி வந்து இறங்கியது. அவர்களுடைய டிரில் மாஸ்டர் பட்டாளத்தில் என்னோடு ஒரே கம்பெனியில் இருந்தவர். பழைய சிநேகிதம். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டேன். அதைத் தெருவே பார்த்தது. பார்க்கட்டுமே, ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் மைதானத்தில் பதினொரு பெயரையும் வாயால் சொன்னேன். சங்கரலிங்கத்தின் பெயர் அதில் இல்லை. காதர் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"மாஸ்டர், பத்து நிமிசம் மட்டும் விடுங்க. துரை பாத்துட்டாருன்னா போதும். அவன் அழுதான் மாஸ்டர், எனக்குப் பாக்க முடியல."

"படித்துறையில ஒன் தோளைப் பிடிச்சானே, எதுக்குப் பிடிச்சான்?"

காதர் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரியும்.

சங்கரலிங்கம் நேரே வந்து அத்தனை பேர் முன்னால் என் காலில் விழுந்தான். "சார், எனக்கு வலி இல்ல சார். கும்பிட்டுச் சொல்லுதேன். இன்னைக்கு விட்டா பிறகு எனக்கு இது கிடைக்காது சார்."

அவன் எழுந்திருக்கும்போதும் நான் காலைத்தான் பார்த்தேன். இடது காலை ஊன்றித்தான் எழுந்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் இல்லாமலில்லை. அவனுக்கு அந்தப் போலீஸ் உடுப்பு கிடைக்க வேண்டும் என்று அவனைவிட நான் அதிகமாக விரும்பினேன் என்றுகூடச் சொல்வேன். அதனால்தான், "போய் உக்காருலே" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

ஒரு கோலில் தோற்றோம். ரைட் அவுட்டாக ஆடிய பையன் இரண்டு தடவை திறந்து கிடந்த கோலை விட்டுப் பந்தை வெளியே அடித்தான். ஒவ்வொரு தடவையும் கூட்டம் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. சூப்பரண்டெண்ட் துரை பாதி ஆட்டத்திலேயே தேநீர் குடிக்க எழுந்து போய்விட்டார், திரும்பி வரவில்லை. எந்தப் பையனைப் பற்றியும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையும் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் ஞாபகமில்லை.

நான் எதிரணி மாஸ்டரோடு உட்கார்ந்து சாப்பிட்டது மட்டும் நன்றாக ஞாபகமிருந்தது. பேரம் பேசிவிட்டேன் என்றார்கள். மைதானத்தில் நான் போகும்போது பின்னாலிருந்து ஏப்பம் விடுவார்கள் பையன்கள். வக்கீல் பிள்ளை கோர்ட்டு வாசலில் நின்று, "எம்மவன் வாழ்க்கைய ஒரு வேளைச் சோத்துக்கு வித்துட்டான்" என்றாராம். பிரின்சிபால் பந்து அணியைக் கணக்கு வாத்தியார் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கவாத்து சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பினார். அது தண்டனை இல்லை, எனக்கு ஓய்வு என்றார். தமிழில் அவருக்கு நல்ல தேர்ச்சி.

பொங்கல் கழித்து ஒருநாள் காதர் வந்தான். "கால் இன்னும் சரியாகல மாஸ்டர். நடந்தா ஒண்ணுமில்ல, திரும்புனா பயப்படுதான். உங்கள்ட்ட வரச் சொன்னேன், செத்தாலும் வர மாட்டேங்கான்."

அவனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், எனக்கென்ன என்று. நான் அனுப்பவில்லை. செய்ய வேண்டியதை எல்லாம் காதரிடம் சொன்னேன். முதலில் முழங்கால் தண்ணீரில் நீரோட்டத்தை எதிர்த்து நடக்கட்டும். பிறகு ஈர மணல், பிறகு காய்ந்த மணல். படித்துறையில் இடது காலை முதலில் வைத்து இறங்கட்டும். கடைசியில்தான் பந்து. வாரத்துக்கு ஒருமுறை காதர் வந்து நிலவரம் சொல்வான், நான் அடுத்ததைச் சொல்வேன். என் பேரைச் சொன்னால் செய்ய மாட்டான் என்பதால் மேலப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் சொன்ன முறை என்று சொல்லும்படி நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

என் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். வீம்பு. அந்தக் கால் முழுசாகக் குணமாகட்டும், அன்றைக்கு நான் சொன்னது சரிதான் என்று ஊர் ஒத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். அது எனக்கு எதிராகவே சாட்சி சொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கால் குணமாகிவிட்டது. அரைகுறையாக இல்லை, முழுசாக. மறு வருஷம் அவன் அதே கோட்டோரமாக ஓடி, அதே திருப்பம் திரும்பினான். நான் சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு வேலி ஓரமாக நின்று பார்த்தேன். அதற்கடுத்த வருஷம் போலீஸ் தேர்வுக்குப் போனான். ஓடச் சொன்னார்கள், தாண்டச் சொன்னார்கள், எல்லாவற்றிலும் முதலாவது. உடுப்பு கிடைத்துவிட்டது. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

சண்டை முடிந்த வருஷம் கல்லூரியின் பழைய மாணவர்கள் கூடினார்கள். கணக்கு வாத்தியார் வேறு ஊருக்குப் போய்விட்டதால் பந்து அணி மறுபடியும் என் தலையில் விழுந்திருந்த சமயம். சங்கரலிங்கம் திசையன்விளைப் பக்கம் சப்-இன்ஸ்பெக்டர். உடுப்போடு வந்திருந்தான். மேடையில் பேசச் சொன்னார்கள். தன் காலைப் பற்றிப் பேசினான்.

"இந்தக் காலுக்கு நான் கடன்பட்டவன் ஒரே ஆளுக்குத்தான். என் சிநேகிதன் காதர் மீரான். அவன்தான் ஆத்துல என்னை நடக்க வச்சு ஆளாக்குனான்" என்றான். கை தட்டினார்கள். "நம்ம டிரில் மாஸ்டரும் இங்கனதான் இருக்காரு. அன்னைக்கு இந்தக் காலு உதவாதுன்னு சொல்லி என்னைய உக்கார வச்சாரு. கோப்பை போச்சு. இப்ப பாருங்க!"

எம்பிக் குதித்து வலது காலை மேடையில் ஓங்கி மிதித்தான். பலகை அதிர்ந்தது.

"இதையா உதவாத காலுன்னாரு?"

சபை முழுவதும் சிரித்தது. நான் காதரைப் பார்த்தேன். அவன் முன் வரிசையில் இருந்தான். திசையன்விளைச் சந்தைக்குத் துணி அனுப்பி வியாபாரம் செய்துகொண்டிருந்தான். அந்தச் சரக்கு எல்லாம் சங்கரலிங்கத்தின் சரகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு வினாடி என்னைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். காதருக்கு மாலை போட்டார்கள், குனிந்து வாங்கிக்கொண்டான்.

பெரியவர்கள் இந்த இடத்தில், பையன் நன்றாக இருந்தால் போதும், எனக்குப் பேர் எதற்கு என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என் வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அன்று பத்து நிமிஷம் அவனை ஆடவிட்டிருந்தால் இன்றைக்கு இவன் கோலூன்றிக்கொண்டு வந்து, மாஸ்டர் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று அழுதிருப்பான். அப்போது நான் பெரிய மனிதன். கெட்டுப்போன காலை ஊரே பார்க்கும். கெடாத காலில் நாம் செய்ததை எவன் பார்ப்பான்?

சாப்பாட்டுக்குப் பிறகு சங்கரலிங்கம் என்னிடம் வந்தான். தோளில் கை போட்டான்.

"என்ன சார், கோவமா? சும்மா ஒரு வேடிக்கைக்குச் சொன்னேன்."

"கோவம் என்ன" என்றேன்.

"எந் தம்பி இந்த வருசம் இங்க சேந்திருக்கான். அவனும் ரைட் அவுட்தான். பாத்துக்கிடுங்க." கொஞ்சம் குனிந்து மெதுவாகச் சொன்னான். "ஒண்ணு மட்டும் சார். அவன் கால்ல ஏதாவதுன்னா நீங்க பாக்க வேண்டாம். காதருக்குச் சொல்லி விட்டிருங்க."

"ஆகட்டும்" என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் அந்தத் தம்பி கணுக்காலைத் திருப்பிக்கொண்டு நொண்டி வந்தான். வீக்கம் வடிந்தது. ஆடுவேன் என்று நின்றான். படியிறங்கச் சொல்லிப் பார்த்தேன்.

"போய் உக்காருலே" என்றேன். உட்கார வைத்துவிட்டு, மேலப்பாளையத்துக்கு ஆள் அனுப்பி, காதரை உடனே வரச் சொன்னேன். பையனிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை இப்போதும் காதருக்கு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.